நார்வுட்: ஒரே தொகுதி, இரண்டு முதல்வர்கள், ஒரே மாதிரித் தோல்வி

முதலில் ஒரு சின்னக் கணக்கு. நம் வகுப்பில் முப்பது பேர், மூன்றே மூன்று பெஞ்சு. முன்னால் இரண்டு பெஞ்சுகளில் ஐந்தைந்து பேர், கடைசி பெஞ்சில் இருபது பேர். வகுப்புத் தலைவர் தேர்தல் வருகிறது. "ஒரு பெஞ்சுக்கு ஒரு ஓட்டு" என்று சார் சொல்லிவிடுகிறார். முன் பெஞ்சு இரண்டும் ஒருவருக்கு, கடைசி பெஞ்சு இன்னொருவருக்கு. முடிவு என்ன? பத்துப் பேருக்குப் பிடித்தவர் தலைவர், இருபது பேருக்குப் பிடித்தவர் தோற்றவர்!

கடைசி பெஞ்சுக்காரர்கள் சும்மா இருப்போமா? :-) ஆனால் ஒரு மாநிலமே ஏறத்தாழ இப்படித்தான் முப்பது வருடத்துக்கு மேல் தேர்தல் நடத்தியது. ஆப்பிரிக்காவிலோ ராணுவ ஆட்சி நாட்டிலோ இல்லை. பெண்களுக்கு 1894-லேயே வாக்குரிமையும், தேர்தலில் நிற்கும் உரிமையும் தந்த தென் ஆஸ்திரேலியாவில்!

அந்தக் கதையை மாநில வரலாறாகச் சொன்னால் பெயர்களும் எண்களும் குழப்பிவிடும். அதனால் ஒரே ஒரு தொகுதியைப் பிடித்துக்கொள்கிறேன். அதன் பெயர் நார்வுட்.

எங்கே இருக்கிறது இது?

தென் ஆஸ்திரேலியாவின் தலைநகர் அடிலெய்டு. அந்த நகரின் மையத்திலிருந்து கிழக்கே கொஞ்ச தூரத்தில் இருக்கும் பழைய புறநகர்தான் நார்வுட். நடுவில் பரேட் என்ற கடைத்தெரு. இன்று காபிக் கடைகளுக்கும் சாப்பாட்டுக் கடைகளுக்கும் பேர் போன இடம். ஆனால் 1950-களில் இது உழைப்பாளிகளும், இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிழைப்புத் தேடி வந்த இத்தாலியர்களும் நெருக்கமாக வாழ்ந்த பகுதி. நம் கணக்கில் சொன்னால் கடைசி பெஞ்சு.

பெஞ்சுகளைப் போட்டது யார்?

1936-ல் மாநில அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. கீழவைக்கு 39 தொகுதிகள். அதில் 26 கிராமப்புறத்துக்கு, 13 மட்டும் அடிலெய்டு நகர்ப்பகுதிக்கு. அதாவது, நகரத்துக்கு ஒன்று என்றால் கிராமத்துக்கு இரண்டு என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். விவசாயிகளின் குரல் நகரத்துக் கூட்டத்தில் அமுங்கிவிடக்கூடாது என்பது அன்றைய வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது.

ஆனால் நகரம் வளர்ந்தது. தொழிற்சாலைகள் வந்தன, வெளிநாட்டுக் குடியேறிகள் வந்தார்கள். 1960-களில் மாநில மக்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் அடிலெய்டில் இருந்தார்கள். அவர்களுக்கு இருந்ததோ மூன்றில் ஒரு பங்கு இடங்கள். 1968 தேர்தலில் ஃப்ரோம் என்ற கிராமப்புறத் தொகுதியில் பதிவான செல்லுபடியாகும் வாக்குகள் சுமார் 4,500. என்ஃபீல்டு என்ற நகரத் தொகுதியில் சுமார் 42,000. இரண்டுக்கும் ஆளுக்கு ஒரு எம்.எல்.ஏ.தான்!

இந்த அமைப்பால் லாபம் பெற்றது லிபரல் அண்ட் கன்ட்ரி லீக் கட்சி. அதன் தலைவர் தாமஸ் பிளேஃபோர்ட் 1938 முதல் 1965 வரை, 26 வருடத்துக்கு மேல் முதல்வராக இருந்தார். அவருடைய பெயரையும் "ஜெர்ரிமேண்டர்" என்ற சொல்லையும் ஒட்டி இந்த முறைக்கு "பிளேமேண்டர்" என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

இங்கே இரண்டு திருத்தம் சொல்ல வேண்டும். ஒன்று, சட்டம் அவர் முதல்வராவதற்கு முன்பே வந்தது. அவர் அதைப் படைக்கவில்லை, அனுபவித்தார், மாற்ற மறுத்தார். இரண்டு, ஜெர்ரிமேண்டர் என்றால் எல்லைக் கோட்டை வளைத்து நெளித்து எதிரியின் வாக்குகளைச் சிதறடிப்பது. இங்கே நடந்தது அதைவிட எளிமையானது. தொகுதிகளின் அளவையே சமமில்லாமல் வைத்துவிட்டார்கள். வளைக்க வேண்டிய தேவையே இல்லை.

26 வயது வக்கீல்

1953-ல் நார்வுட் தொகுதியில் லேபர் கட்சிக்கு ஒரு புது வேட்பாளர். பெயர் டான் டன்ஸ்டன், வயது 26, தொழில் வக்கீல். பிறந்தது ஃபிஜித் தீவில், 1926-ல். ஆமாம், நம் பாரதி கண்ணீர் விட்டுப் பாடினாரே, அதே கரும்புத் தோட்ட ஃபிஜி. ஆனால் இவர் இருந்தது தோட்டத்துக்கு அந்தப் பக்கம். அப்பா ஒரு கப்பல் கம்பெனியில் மேனேஜர். வெள்ளையருக்கு ஒரு நியாயம், மற்றவர்களுக்கு ஒரு நியாயம் என்று அங்கே பார்த்தது தன் மனதில் பதிந்தது என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

தொகுதி முழுவதும் தூண்களில் தன் படத்தை ஒட்டினார். (நமக்கு இது புதிதா என்ன? அவர்களுக்கு அன்று புதிது.) அதைவிட முக்கியமாக, இத்தாலியர்களின் வீடுகளைத் தேடிப் போனார். அப்போதைய உறுப்பினர் குடியேறிகளை இளக்காரமாகப் பேசியிருந்தார். அந்தப் பேச்சை அப்படியே மொழிபெயர்த்து அவர்கள் கையில் கொடுத்தார். வேறு பிரச்சாரமே தேவைப்படவில்லை. அதுவரை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத ஓட்டுகள் அவருக்கு விழுந்தன. நார்வுட் லேபர் கைக்கு வந்தது. 1979-ல் அவராக விலகும் வரை அவரிடமே இருந்தது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. சபைக்குள் பிளேஃபோர்டும் டன்ஸ்டனும் கீரியும் பாம்பும். வெளியே வந்தால், முதல்வரின் வீடு மலைப்பக்கம், போகும் வழியில் நார்வுட். சபை முடிந்த பிறகு முதல்வர் தன் காரிலேயே இந்த இளம் எதிர்க்கட்சிக்காரரை ஏற்றிக்கொண்டு வந்து வீட்டில் இறக்கிவிடுவாராம். நம் ஊரில் நினைத்துப் பார்க்க முடிகிறதா?

ஜெயித்தும் தோற்ற 1968

தேர்தல் முறையைப் பற்றி ஒரு விளக்கம். அங்கே வாக்காளர்கள் வேட்பாளர்களுக்கு 1, 2, 3 என்று வரிசை எண் போட வேண்டும். கடைசியில் வருபவரை நீக்கி, அவருடைய வாக்குகளை அடுத்த விருப்பப்படி மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். இப்படியே போய்க் கடைசியில் இரண்டு பெரிய கட்சிகளில் எதை எத்தனை சதவீதம் பேர் விரும்பினார்கள் என்று தெரிந்துவிடும். இதை "இரு கட்சிக் கணக்கு" என்று வைத்துக்கொள்வோம்.

1962 தேர்தலில் இந்தக் கணக்கில் லேபருக்கு 54 சதவீதத்துக்கு மேல். ஆனால் கிடைத்தது 39-ல் 19. பிளேஃபோர்டுக்கு 18. மீதி இரண்டு சுயேச்சைகளும் அவர் பக்கம் சாய்ந்தார்கள். அவரே முதல்வர். அந்த இருவரில் ஒருவர் டாம் ஸ்டாட். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வருவார்.

1965-ல் லேபர் 21 இடங்களில் ஜெயித்து ஒரு வழியாக ஆட்சியைப் பிடித்தது. டன்ஸ்டன் சட்டத்துறை அமைச்சர் ஆனார். இனம், நிறம் பார்த்து ஒருவரை ஒதுக்கக்கூடாது என்று 1966-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தார். ஆஸ்திரேலியாவிலேயே அதுதான் முதல். ஆனால் தொகுதிகளைச் சரிசெய்ய மட்டும் முடியவில்லை. மேலவை விடவில்லை. அங்கே ஓட்டுப் போடவே சொத்துத் தகுதி வேண்டும். 20 பேரில் 16 பேர் எதிர்க்கட்சி. பூட்டின் சாவி பூட்டுக்குள்ளேயே!

1967 ஜூனில் டன்ஸ்டன் முதல்வர் ஆனார். அடுத்த மார்ச்சில் தேர்தல். லேபருக்கு முதல் விருப்ப வாக்குகளே 52 சதவீதம். எதிர்க்கட்சிக்குச் சுமார் 44. இடங்கள்? 19-க்கு 19. மீதி ஒன்று... ஆமாம், அதே டாம் ஸ்டாட். இம்முறையும் அவர் அந்தப் பக்கமே போனார்.

டன்ஸ்டன் உடனே பதவியை விடவில்லை. சபை கூடி அங்கே தோற்கடிக்கட்டும் என்று காத்திருந்தார். பதவி ஆசை என்று சிலர் சொன்னார்கள். ஆனால் அந்த இடைவெளியில் ஊரே இந்த அநியாயத்தைப் பேசியது. அடிலெய்டின் லைட் சதுக்கத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் கூடினார்கள். பரபரப்பு இல்லாத ஊர் என்று பெயரெடுத்த அடிலெய்டுக்கு அது பெரிய கூட்டம். ஏப்ரலில் சபை கூடியது. டன்ஸ்டன் ஆட்சி விழுந்தது. ஸ்டீல் ஹால் முதல்வர் ஆனார்.

இந்தக் கதையின் நாயகன் யார்?

இதுவரை படித்த யாரும் டன்ஸ்டன் என்றுதான் சொல்வீர்கள். நான் ஸ்டீல் ஹாலைச் சொல்வேன்.

யோசித்துப் பாருங்கள். 44 சதவீத ஓட்டில் முதல்வர் ஆகியிருக்கிறார். தன்னை அந்த நாற்காலியில் உட்கார வைத்ததே இந்தக் கோணல் முறைதான். அதை மாற்றினால் அடுத்த தேர்தலில் தோல்வி ஏறத்தாழ நிச்சயம். சொந்தக் கட்சிக்காரர்களே எதிர்க்கிறார்கள். ஆனாலும் மாற்றினார். 39 தொகுதிகள் 47 ஆயின. நகரத்துக்கு 28, கிராமத்துக்கு 19. முழுச் சமம் இல்லைதான், ஆனால் பூட்டு உடைந்தது.

1970-ல் ஒரு அணைக்கட்டுத் தகராறில் ஸ்டாட் எதிராக வாக்களிக்க, ஹால் ஆட்சி கவிழ்ந்தது. இரண்டு முறை அந்தக் கட்சியைக் காப்பாற்றியவரே கவிழ்த்தார். தேர்தலில் லேபர் 27, எதிர்த்தரப்பு 20. எதிர்பார்த்தபடியே ஹால் தோற்றார், டன்ஸ்டன் திரும்ப வந்தார்.

தோற்போம் என்று தெரிந்தே விதியைத் திருத்தியவர்கள் வரலாற்றில் அதிகம் இல்லை. ஹால் 2024-ல், 95 வயதில் காலமானார். அவர் பெயரில் அன்று ஒரு தொகுதியும் இல்லை.

அதன் பின் நார்வுட்

அடுத்த ஒன்பது வருடம் டன்ஸ்டன் காலம். 1975-ல் மேலவைக்கும் எல்லோரும் ஓட்டுப் போடும் தேர்தல் வந்தது. அதே வருடம், தொகுதி எல்லையை அரசியல்வாதிகள் கையிலிருந்து எடுத்து ஒரு சுதந்திரமான ஆணையத்திடம் கொடுத்தார்கள். எந்தத் தொகுதியும் சராசரியிலிருந்து 10 சதவீதத்துக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது என்று சட்டம் வந்தது. இனி நார்வுட் ஓட்டும் கிராமத்து ஓட்டும் ஒரே எடை.

1979 பிப்ரவரியில் உடல்நிலை கெட்டு, மருத்துவமனையில் இரவு உடையிலேயே பத்திரிகையாளர்களைச் சந்தித்து ராஜினாமாவை அறிவித்தார் டன்ஸ்டன். மார்ச்சில் நடந்த இடைத்தேர்தலில் லேபரின் கிரெக் கிராஃப்டர் ஜெயித்தார். செப்டம்பர் பொதுத்தேர்தலில் லிபரல் ஜெயித்தது. வழக்குப் போனது, தேர்தல் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. 1980 பிப்ரவரியில் மறுபடி இடைத்தேர்தல், மறுபடி கிராஃப்டர். ஒரே வருடத்தில் நார்வுட்காரர்கள் மூன்று முறை ஓட்டுப் போட்டார்கள். அங்கே ஓட்டுப் போடாவிட்டால் அபராதம் வேறு!

டன்ஸ்டன் 1999-ல் இறந்தார். 2014 தேர்தலில் நார்வுட் தொகுதியின் பெயரை மாற்றி "டன்ஸ்டன்" என்றே வைத்தார்கள். கதை இங்கே சுபமாக முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

மறுபடியும் அதே தோல்வி

டன்ஸ்டன் பெயரைத் தாங்கிய அந்தத் தொகுதியில் 2014-ல் ஜெயித்தவர் யார் தெரியுமா? லிபரல் கட்சியின் தலைவர் ஸ்டீவன் மார்ஷல். 2010-ல் நார்வுட் என்ற பெயர் இருந்தபோதே லேபரிடமிருந்து அதைப் பிடித்தவர். அந்தத் தேர்தலில் மாநிலம் முழுவதும் லிபரலுக்கு இரு கட்சிக் கணக்கில் 53 சதவீதம். இடங்கள் 47-ல் 22. லேபருக்கு 23. இரண்டு சுயேச்சைகள். ஒருவர் கடும் நோயில் விழுந்தார். இன்னொருவர் ஜெஃப் பிராக், லேபரை ஆதரித்தார். லேபர் ஆட்சி தொடர்ந்தது.

1968-ல் நார்வுட் உறுப்பினர் பெரும்பான்மை வாக்கு வாங்கியும் ஒரு சுயேச்சையால் ஆட்சியை இழந்தார். 46 வருடம் கழித்து, அதே தொகுதியின் உறுப்பினர், எதிர்க்கட்சிக்காரர், பெரும்பான்மை வாக்கு வாங்கியும் ஒரு சுயேச்சையால் ஆட்சியைப் பிடிக்க முடியாமல் நின்றார். அதுவும் டன்ஸ்டன் பெயரிலேயே! சினிமாவில் வைத்தால் நம்ப மாட்டோம்.

தொகுதிகள் சம அளவில்தானே இருந்தன? பிறகு எப்படி? மறுபடி ஒரு கணக்கு. ஐந்து தொகுதி, ஒவ்வொன்றிலும் 100 பேர். ஒரு கட்சி இரண்டு தொகுதிகளில் 90 - 10 என்று ஜெயிக்கிறது. மூன்றில் 45 - 55 என்று தோற்கிறது. மொத்தம் கூட்டுங்கள்: 500-ல் 315 ஓட்டு, 63 சதவீதம். ஆனால் இடம் 2-க்கு 3 என்று தோல்வி! லிபரலுக்கு நடந்ததும் இதுதான். கிராமத் தொகுதிகளில் ஓட்டு மலை போல் குவிந்தது. நகரத்தில் இழுபறியாக இருந்த தொகுதிகளை லேபர் கொஞ்சம் கொஞ்சம் வித்தியாசத்தில் காப்பாற்றிக்கொண்டது. ஒரு காலத்தில் கிராமத்துப் பலத்தால் ஆண்ட கட்சி, அதே கிராமத்துப் பலத்தால் தோற்றது.

இதற்கும் மருந்து இல்லாமல் இல்லை. 1989-ல் லேபர் குறைந்த வாக்கில் ஆட்சியைத் தக்கவைத்தபோது எழுந்த கோபத்தில், 1991-ல் பொதுவாக்கெடுப்பு நடத்தி ஒரு "நியாய விதி"யை அரசியல் சட்டத்தில் சேர்த்தார்கள். ஒவ்வொரு தேர்தலுக்குப் பின்னும் எல்லைகளைத் திருத்த வேண்டும், பெரும்பான்மை வாக்கு வாங்கும் கட்சிக்கே ஆட்சி அமையும்படி இயன்றவரை வரைய வேண்டும் என்பது விதி. ஆனால் மக்கள் அடுத்த முறை எங்கே எப்படி ஓட்டுப் போடுவார்கள் என்று வரைபடம் போடுகிறவருக்கு எப்படித் தெரியும்? 2010-லும் விதி பலிக்கவில்லை, 2014-லும் பலிக்கவில்லை.

2016-ல் ஆணையம் எல்லைகளைப் பெரிதாக மாற்றியது. லேபர் நீதிமன்றம் போய்த் தோற்றது. 2018-ல் மார்ஷல் சுமார் 52 சதவீதத்தில் 25 இடங்கள் பெற்று முதல்வர் ஆனார். 53 வாங்கியபோது தோல்வி, 52 வாங்கியபோது வெற்றி! அந்த நியாய விதியையோ 2017 கடைசியில் சட்டமன்றமே நீக்கிவிட்டது. 2022-ல் மார்ஷல் ஆட்சியை இழந்தார். சொந்தத் தொகுதியில் சில நூறு வாக்குகளில்தான் தப்பினார். 2024-ல் அவர் விலக, மார்ச் இடைத்தேர்தலில் லேபரின் கிரெசிடா ஓ'ஹான்லன் அங்கே ஜெயித்தார்.

நான் புரிந்துகொண்டது

"பார்த்தாயா, அன்று அவர்கள் செய்தார்கள், இன்று இவர்களுக்கு நடந்தது, கணக்கு சரியாப் போச்சு" என்று சொல்லத் தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் இரண்டும் ஒன்று இல்லை.

1968-ல் பரேட் தெருவில் கடை வைத்திருந்த ஒரு இத்தாலியரின் ஓட்டு, கிராமத்து ஓட்டைவிட மதிப்புக் குறைவு என்று சட்டமே சொன்னது. எழுதியவர்களுக்கு அது தெரியும். மாற்ற மறுத்தவர்களுக்கும் தெரியும். அது அநியாயம். 2014-ல் எல்லா ஓட்டுக்கும் ஒரே மதிப்பு. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஓட்டுப் போட்டவர்கள் எங்கே குடியிருந்தார்கள் என்பதுதான் முடிவை மாற்றியது. அது தொகுதிக்கு ஒருவர் என்று தேர்ந்தெடுக்கும் முறையிலேயே இருக்கும் ஓட்டை. முன்னதைத் திருத்த நேர்மை போதும். பின்னதைத் திருத்த நேர்மை மட்டும் போதாது, முறையையே மாற்ற வேண்டும்.

ஆனால் "பெரும்பான்மையினர் நாங்கள், ஏன் தோற்றோம்?" என்று கேட்கும் வாக்காளருக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் வலிக்கும். அவருக்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் எல்லைக் கோடு யார் வரைகிறார்கள், எந்த விதிப்படி வரைகிறார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஓட்டுப் போடும் நாளில் நாம் எல்லோரும் விழித்திருக்கிறோம். கோடு போடும் நாளில்தான் தூங்கிவிடுகிறோம்.

அடுத்த முறை வகுப்பில் தேர்தல் வந்தால், யார் நிற்கிறார்கள் என்று கேட்பதற்கு முன்னால், பெஞ்சைப் போடுவது யார் என்று கேளுங்கள்.